சாப்பிடும்போது மட்டும்தான்

இந்தக் காலத்துக் கார்ட்டூன்களைத் திட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றைச் செய்வதே நான்தான். தில்லைநகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. அங்கே எடிட்டராக இருக்கிறேன். குழந்தைகளுக்கான தமிழ்ப் பாட்டு வீடியோக்கள்தான் எங்கள் சரக்கு. நீல நிறக் கன்றுக்குட்டி ஒன்று தள்ளுவண்டியில் காய்கறி விற்கும். கத்தரிக்காய் ஆடும், வெண்டைக்காய் குட்டிக்கரணம் அடிக்கும், தக்காளிக்கு மூக்கு இருக்கும். உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எங்கள் கன்றுக்குட்டியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு வீடியோவை இணையத்தில் ஏற்றியதும் அதற்கு ஒரு கோடு வரும். பார்க்கிறவர்கள் எந்த நொடியில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அந்தக் கோடு காட்டும். கோடு எங்கே சறுக்குகிறதோ அங்கே ஏதோ ஒரு குழந்தை கண்ணை எடுத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வீடியோவில் அந்த மாதிரி இடமே இருக்கக் கூடாது. கன்றுக்குட்டி வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கினால் வெட்டு. கதவைத் தட்டிவிட்டு யாராவது திறக்கட்டும் என்று நின்றால் வெட்டு. தட்டும்போதே கதவு திறந்தாக வேண்டும். எங்கள் முதலாளி என்னைவிட மிகவும் இளையவர், நல்ல மனுஷர், என்னை ‘ப்ரோ’ என்றுதான் கூப்பிடுவார். பின்னால் வந்து நின்று, “ப்ரோ, இந்த இடம் காத்து வாங்குது” என்பார். நான் வெட்டுவேன்.

வெட்டிவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போனால் எனக்கு வேறு வாய் முளைத்துவிடும். “எங்க காலத்துக் கார்ட்டூன் எல்லாம் எப்படி இருந்துச்சு தெரியுமா” என்று ஆரம்பித்தேன் என்றால் டீ ஆறிப்போகும். அப்போதெல்லாம் ஸ்கூல் விட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் அரை மணி நேரம்தான். அதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும், இல்லையென்றால் கரண்ட் போய்விடும், இரண்டும் நடக்கவில்லை என்றால் அப்பா வந்துவிடுவார். இதையே வீட்டிலும் சொல்லிப் புலம்புவேன். என் மனைவி கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள். “செய்யறதும் நீங்கதான், திட்டறதும் நீங்கதான். ரெண்டுக்கும் சேர்த்து சம்பளம் கேளுங்க” என்பாள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம். ஒரே மாடியில் எதிரும் புதிருமாக, ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். ஒரு மகள். அவளுக்கு ஒரு வயது ஆகும்வரை சோறு ஊட்டுவது தெருவில்தான் நடந்தது. மனைவி இடுப்பில் அவளையும் கையில் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். நாயைக் காட்டி ஒரு வாய், பூக்கட்டுகிறவரைக் காட்டி ஒரு வாய், கோபுரத்துப் புறாவைக் காட்டி ஒரு வாய். பாதிச் சோறு குழந்தைக்கு, மீதி ரோட்டுக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மனைவிக்கு ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை. காலையில் அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவது? ஒரு மழை நாளில் தெருவில் இறங்க முடியாமல் போனை எடுத்து நீலக் கன்றுக்குட்டியைப் போட்டாள். கிண்ணம் காலியானது தெரியவே இல்லை. அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம்ம சரக்கு நம்ம வீட்டிலேயே விலை போகிறதே என்று நினைத்தேன்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பாட்டு ஓடினால் வாய் திறக்கும். நடுவில் விளம்பரம் வந்தால் மெல்லுவது நின்றுவிடும், சோறு கன்னத்தில் அப்படியே இருக்கும். மனைவியின் விரலெல்லாம் பருப்பு என்பதால் விளம்பரத்தை முழங்கையால் தள்ளப் பழகிக்கொண்டாள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இரண்டரை வயதில்தான் சிரிப்பு அடங்கியது. அவள் ‘அம்மா’ என்று சொல்லவில்லை. கத்தரிக்காய்ப் பாட்டின் மெட்டைச் சுருதி பிசகாமல் முனகுவாள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நான் வேலையிலிருந்து வந்து கதவருகே நின்று கூப்பிடுவேன். அவள் முதுகுதான் தெரியும். இரண்டாம் தடவை கூப்பிடுவேன். மூன்றாம் தடவை கூப்பிடப் பயமாக இருக்கும்.

காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டோம். புத்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் திரும்பி வரும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்த அவ்வளவு நேரமும் மனைவி மடியிலிருந்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அப்படியானால் அவளுக்கு நாங்கள் கூப்பிடுவது கேட்கிறது. கேட்டும் திரும்பவில்லை.

குழந்தை டாக்டர் ஒரு நடுவயது அம்மா. அவசரப்படாமல் பேசினார்.

“போன் எவ்வளவு நேரம் பாக்கறா?”

“சாப்பிடும்போது மட்டும்தான் மேடம்” என்றாள் மனைவி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

“சரி. எவ்வளவு நேரம் சாப்பிடறா?”

மனைவி என்னைப் பார்த்தாள். காலையில் இட்லி, நடுவில் பழம், மதியம் சோறு, சாயங்காலம் பால், ராத்திரி திரும்பவும் சோறு. அவள் மனதுக்குள் கூட்டுவது எனக்குத் தெரிந்தது. அவள் கூட்டி முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார்.

“இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். வேற என்னென்ன இருக்குன்னு பாக்கணும், பேச்சுப் பயிற்சிக்கு வரணும். ஆனா முதல்ல போனை நிறுத்துங்க. முழுசா. கொஞ்ச நாள் சரியா சாப்பிட மாட்டா, பரவால்ல, பசிச்சா சாப்பிடுவா” என்றார். பிறகு சும்மா கேட்பதுபோல என்னிடம், “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல வேலை மேடம்” என்றேன்.

மனைவி குனிந்து குழந்தையின் செருப்பை மாட்டிவிட்டாள்.

போனை நிறுத்தினோம். வாய் மூடிக்கொண்டது. அடம் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். அடம் இல்லை. எதிரே ஒன்றும் ஓடவில்லை என்றால் சாப்பிடுவது என்ற காரியமே அவளுக்கு நினைவில் இல்லாததுபோல உட்கார்ந்திருந்தாள். தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாயையும் புறாவையும் காட்டினோம். நாய் வேகமாக ஓடவில்லை, பாடவில்லை, அதற்கு நீல நிறமும் இல்லை. மண்ணச்சநல்லூரில் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தோம். அங்கே நான்கு பிள்ளைகளும் நான்கு போனுமாக இருந்தார்கள். வந்த வேகத்தில் திரும்பினோம். பசித்தால் சாப்பிடுவாள் என்று டாக்டர் சொன்னதை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு பாலை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தோம். சட்டை தோளிலிருந்து வழிய ஆரம்பித்தது. தூக்கும்போது கைக்கே தெரிந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் சின்ன வயதில் உயிரை விட்டுப் பார்த்த ஒரு பழைய கார்ட்டூனைத் தேடி எடுத்தேன். மீன் பிடிக்கப் போகும் ஒரு கரடி.

“டாக்டர் என்ன சொன்னாங்க?” என்றாள் மனைவி.

“இது அந்த மாதிரி இல்ல. இது நல்ல கார்ட்டூன்.”

“அவளுக்காகப் போடறீங்களா, உங்களுக்காகவா?”

கம்ப்யூட்டரில் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது அப்படி ஒன்றும் நல்ல கார்ட்டூன் இல்லை. கரடி நடக்க நடக்க அதே மூன்று மரங்கள் திரும்பத் திரும்ப வந்தன. குறுக்கே வந்த ஒரு நரியின் தலையில் கரடி தோசைக்கல்லால் ஒரு போடு போட்டது, அதற்குத்தான் நான் அந்தக் காலத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். வண்ணம் எல்லாம் சாயம் போன லுங்கி மாதிரி இருந்தது. எங்கள் கன்றுக்குட்டியை வரைகிற பையன்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் டீக்கடையில் இதற்காகவா தொண்டை வறளப் பேசினேன் என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

அப்புறம் கரடி தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது. சும்மா உட்கார்ந்திருந்தது. தண்ணீர் அசைந்தது, ஒரு தட்டான் வந்து போனது, மீன் வரவில்லை. என் கை தன்னாலேயே மவுஸுக்குப் போய்விட்டது, வெட்டுவதற்கு. அந்த நேரத்தில் மகள் எழுந்தாள். திரையை விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு மூடியை எடுத்துத் தரையில் தட்டிக்கொண்டு விளையாட ஆரம்பித்தாள். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. நான் உயிரை விட்டுப் பார்த்ததை இவள் மதிக்கவில்லையே என்றுகூடத் தோன்றியது. மூடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் உறைத்தது. அந்தக் கரடி அவளைப் போக விட்டிருக்கிறது. நான் செய்த எதுவும் அவளை ஒரு தடவைகூட அப்படி விட்டதில்லை. என் ஆபீசில் அதற்குப் பெயர் சறுக்கல்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். புதுப் பாட்டில் கன்றுக்குட்டி ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றேன். என் மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அப்படியே ஏற்றினோம். கோடு வந்தது. கன்றுக்குட்டி நின்ற இடத்தில் கல் உருண்ட மாதிரி இறங்கியிருந்தது.

“பாருங்க ப்ரோ, பிள்ளைங்கள்லாம் எந்திரிச்சுப் போயிருச்சுங்க.”

‘போகட்டும் சார்’ என்பது தொண்டைவரை வந்தது. மாதத் தவணை, பேச்சுப் பயிற்சிக்கான பீஸ், எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றினேன். அன்று டீக்கடையில் நான் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம். மகள் காலையிலிருந்து அரை டம்ளர் பாலைத் தவிர எதையும் தொடவில்லை. மனைவி நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். “ஒரே ஒரு வாய்டி தங்கம்” என்று எத்தனையோ தடவை சொல்லிக் குரல் கம்மியிருந்தது. மகள் எங்கள் இருவரையும் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில், பாட்டு ஆரம்பித்தது. எங்கள் பாட்டு. கதவு தட்டும் பாட்டு. அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது, அதற்கும் அது சாப்பாட்டு நேரம்.

மகள் எழுந்து சுவரிடம் போனாள். கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டாள். வாய் திறந்தது. யாரும் ஊட்டவில்லை, யாரும் கேட்கவில்லை, அது தானாகத் திறந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது. நான் தலையை அசைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் முழங்காலிலேயே நகர்ந்து போய் ஓர் உருண்டையை அந்த வாயில் வைத்தாள். மகள் மென்றாள், விழுங்கினாள், மறுபடி திறந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சோறு விழுங்குவதைப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று எழுந்து வெளியே வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன்.

பெல்லுக்குக் கை போனது. உள்ளே அந்த அம்மா தன் குழந்தையிடம், “ஆ காட்டு, ஆ...” என்று சொல்வது கேட்டது. எனக்குப் பின்னால், திறந்து கிடந்த எங்கள் கதவு வழியாக, “இன்னொரு வாய், இன்னொரு வாய்” என்று என் மனைவியின் குரல் கேட்டது. அந்தக் குரலில் எத்தனையோ நாளாக இல்லாத தெம்பு இருந்தது. நான் அப்படியே நின்றேன். பூசணிக்காய் வந்தது. அதுதான் கடைசிக் காய். பாட்டு முடிந்தது. “போதும், சமத்து, சாப்பிட்டாச்சு” என்று உள்ளே போனை அணைத்தார்கள். எங்கள் வீட்டில் மனைவியின் குரல் நின்றது.

பெல்லை அழுத்தினேன். அந்த அம்மா எச்சில் கையோடு கதவைத் திறந்தார்.

“ஐயோ, சத்தமா இருந்துச்சாங்க? குறைச்சு வச்சுக்கறேன்ங்க” என்றார்.

“இல்லைங்க” என்றேன். “அதே பாட்டை இன்னொரு தடவை போடுவீங்களா? இன்னும் கொஞ்சம் சத்தமா.”