கிரானைட் கம்பெனியும் இளைக்கும் மாத்திரையும்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு கிரானைட் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். கல் அறுக்கும் ஆலை ஆனேக்கல் பக்கம் இருந்தது. நகரத்துக்குள் நான்கு அறைகள் கொண்ட அலுவலகம். அங்கிருந்த ஏழு கம்ப்யூட்டர்களுக்கும் நான்தான் பொறுப்பு. அவற்றில் ஒன்று மெயில் சர்வர். ஈஜிபுராவில் என்னோடு தங்கியிருந்தவர்கள் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இருந்தார்கள். அவர்களிடம் என்னை மெயில் சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று சொல்லிக்கொள்வேன். கல் தூசி அடைத்த கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டுவதில்தான் பாதி நாள் போகிறது என்பதைச் சொன்னதில்லை.

மெயில் சர்வரின் வேலை எளிது. கம்பெனிக்கு வரும் மெயிலை வாங்கி வைக்கும். கம்பெனிக்காரர்கள் எழுதுவதை வெளியே அனுப்பும். யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்து, வேறு யாருக்கோ இதை அனுப்பு என்றால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். நான் நிறுவிய புதிய பதிப்பு ஒழுங்காக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதைக் கெடுத்தேன்.

எங்கள் முதலாளி கல் கண்காட்சிக்காக ஜெர்மனி போயிருந்தார். அங்கே ஓட்டலிலிருந்து போன் செய்தார். அவருக்குத் தாய்மொழி கன்னடம். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

"ஏனப்பா, மெயில் வருது, ஆனா போகல்லே. என்னமோ பர்மிஷன் இல்லேன்னு சொல்லுது."

ஓட்டல் லைனிலிருந்து வந்ததால் சர்வர் அவரை வெளியாளாக நினைத்துத் தடுத்திருந்தது. அதற்கு முறையான வழிகள் இருந்தன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆகும். அதற்குள் ஒரே ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். அதைச் சேர்த்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்பலாம். யார் வேண்டுமானாலும் என்பதில் முதலாளியும் அடக்கம்தானே என்று சேர்த்துவிட்டேன். அந்த வரியில் இருந்த 'ப்ராமிஸ்க்யுவஸ்' என்ற ஆங்கிலச் சொல், நடத்தை சரியில்லாதவர்களைக் குறிக்கும் சொல். எழுதியவர்கள் அதைவிடத் தெளிவாக எச்சரித்திருக்க முடியாது. நான் எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்வதில்தான் கவனமாக இருந்தேன்.

பத்து நிமிடத்தில் முதலாளியின் மெயில் வந்தது: "குட். வெரி ஸ்மார்ட்." அதை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். ஒவ்வொரு மெயில் சர்வருக்கும் புகார் பெறுவதற்கென்று ஒரு முகவரி இருக்கும். அதற்கு வருவதெல்லாம் என் பெட்டிக்கு வந்து எரிச்சலூட்டியது. அதைப் படிப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்து, ரிசப்ஷனில் இருந்த அக்காவின் பெட்டிக்குத் திருப்பிவிட்டேன். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். பெங்களூர் ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் சண்டை போடுவார். டெலிபோனில் மட்டும் வெண்ணெய் போன்ற ஆங்கிலம்.

"சும்மா ஏதாவது வரும்க்கா. பாத்துட்டு அழிச்சிடுங்க" என்றேன்.

"லெட்டர் வந்தா பதில் போடாம அழிக்கிறதா? நல்லா இருக்குது தம்பி" என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சில வாரங்களில் இன்டர்நெட் ஆமை வேகத்துக்குப் போனது. மழை என்றேன். மழை நின்றதும், ரோட்டைத் தோண்டுகிறார்கள், கேபிளில் அடிபட்டிருக்கும் என்றேன். சர்வரின் விளக்கு ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கம்பெனி வியாபாரம் வளர்கிறது என்றுகூட ஒரு நாள் சந்தோஷப்பட்டேன். பிறகு, ஜெர்மனியில் எங்களிடம் கல் வாங்கும் பெரிய வியாபாரிக்குப் போன மெயில்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

"அவங்க சர்வர்ல ஏதோ கோளாறு சார். சரி பண்ணிடுவாங்க" என்று, ஊர் திரும்பியிருந்த முதலாளியிடம் இரண்டு நாள் சொன்னேன். ஜெர்மனிக்காரர்கள் மேல் கொஞ்சம் பரிதாபமும் பட்டேன்.

மூன்றாம் நாள் காலை அக்கா என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, நம்ம கம்பெனி மாத்திரை கூட விக்குதா?"

"எந்த மாத்திரை?"

"ஒடம்பு எளைக்கிற மாத்திரை. எங்க தங்கச்சி ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்கறா. நல்லதுதானா அது? சைட் எஃபெக்ட் ஒண்ணும் இல்லியே?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. திரும்பிப் போய், டிராயரிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருந்து வந்த புகார்கள். எல்லாவற்றையும் அச்சிட்டு, தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் தான் போட்ட பதிலைப் பின் குத்தி வைத்திருந்தார். மாத்திரை விளம்பரம் அனுப்பாதே, உன்மேல் வழக்குப் போடுவேன், உன் குடும்பம் நாசமாகட்டும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அக்காவின் பதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தது. எங்கள் தயாரிப்பு தங்களுக்குத் திருப்தி அளிக்காததற்கு வருந்துகிறோம், தங்கள் கடிதம் உரிய அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்.

அந்த உரிய அதிகாரி நான்தான்.

"ஏன்க்கா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"ரெண்டு வாட்டி வந்தேனே. நீங்க ஃப்ரெண்டுகிட்ட போன்ல சர்வர் செக்யூரிட்டி எப்பிடிப் பண்றதுன்னு கிளாஸ் எடுத்துக்கினு இருந்தீங்க. சரி, பேஜார் பண்ண வேணாம்னு போயிட்டேன்."

ஃபைலின் கடைசியில் ஒரு கடிதம் மட்டும் மரியாதையாக இருந்தது. எழுதியவர், இத்தனை வருடங்களில் புகாருக்குப் பதில் போட்ட முதல் ஆள் நீங்கள்தான் அம்மா என்று அக்காவுக்கு நன்றி சொல்லியிருந்தார். நீங்கள் மாத்திரை விற்பவரில்லை என்று தெரிகிறது, உங்கள் சர்வர் யார் வந்தாலும் அனுமதிக்கிறது, விளம்பரக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து இப்படிச் சோதித்துப் பாருங்கள் என்று படிப்படியாக விளக்கியிருந்தார். அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த மெயிலை முதல் வரியைத் தாண்டிப் படித்தேன். விளம்பரக் குப்பை அனுப்பும் சர்வர்களின் பட்டியலில் எங்கள் பெயர் இருப்பதால் ஏற்க முடியாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு நாளாக.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துத் தெரு சைபர் சென்டருக்குப் போனேன். கடிதத்தில் இருந்தபடியே எங்கள் சர்வரை வெளியிலிருந்து கூப்பிட்டேன். 'அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் வரவேற்றது. அந்த வாசகத்தை மிரட்டலாக இருக்கட்டும் என்று நானே எழுதி வைத்திருந்தேன். அனுப்புகிறவர் என்று இல்லாத ஊரில் இல்லாத ஆள் ஒருவர் பெயரைச் சொன்னேன். சரி என்றது. என்னுடைய இலவச மெயில் முகவரிக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். அதற்கும் சரி என்றது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கடிதம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. அலுவலகத்துக்குள் இருந்து நான் அனுப்பியது எதுவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

ஓடி வந்து அந்த ஒரு வரியை எடுத்தேன். போவதற்குக் காத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மாத்திரைக் கடிதங்களை அழித்தேன். சர்வரின் விளக்கு அடங்கியது. நிம்மதியாக டீ குடிக்க உட்கார்ந்தேன். போன் அடித்தது. முதலாளி அன்றைக்கு ஆனேக்கல் ஆலையில் இருந்தார். ஆலையும் டயல்-அப் லைனில் வெளியிலிருந்துதான் வரும் என்பதை மறந்துபோயிருந்தேன்.

"ஏனப்பா, என்னோட கம்பெனி சர்வர் என்னையே வெளியாளுன்னு சொல்லுது!"

சாயங்காலம் அவர் அலுவலகத்துக்கு வந்து, என்னையும் அக்காவையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் நெறிமுறை, அங்கீகாரம், கட்டமைப்பு என்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசினேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா கன்னடத்தில் சொன்னார்.

"ஹொரகடேயிந்த யாரு பந்து கொட்ரூ நம்ம சர்வர் களிஸ்தா இத்து சார். ஈக நம்மவரு கொட்ரெ மாத்ர களிசுத்தெ."

வெளியிலிருந்து யார் வந்து கொடுத்தாலும் அனுப்பிக்கொண்டிருந்தது, இனி நம்மவர்கள் கொடுத்தால் மட்டும்தான் அனுப்பும். என் ஐந்து நிமிடப் பேச்சில் இருந்தது இவ்வளவுதான்.

"அத யாரு தெறந்து விட்டது?" என்று முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார்.

மழை என்று சொல்லலாமா என ஒரு கணம் தோன்றியது. அக்கா மடியில் ஃபைல் இருந்தது.

"நான்தான் சார். நீங்க ஜெர்மனியில இருந்து போன் பண்ணப்போ."

அவர் பேப்பர் வெயிட்டை ஓரமாக நகர்த்தினார். "அவசரப்படுத்தினது நானு. ஆனா நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும். நான் வெயிட் பண்ணியிருப்பேன்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முன்பு தள்ளிப்போட்ட பாடத்தை அடுத்த இரண்டு நாளில் படித்து முடித்தேன். வெளியில் இருப்பவர்கள் முதலில் பாஸ்வேர்டு கொடுத்துத் தங்கள் மெயிலை வாங்க வேண்டும். வாங்கியவருக்கு அரைமணி நேரம் அனுப்ப அனுமதி. இதை முதலாளிக்கு நான் மூன்று முறை விளக்கினேன், குழம்பினார். அக்கா போனில், "சார், மொதல்ல வாங்குங்க, அப்புறம் அனுப்புங்க, அவ்ளோதான்" என்றார். அதற்குப் பிறகு முதலாளி ஒருமுறைகூடத் தவறவில்லை.

நன்றி சொன்ன அந்த மனிதருக்கு அக்கா எழுதினார். அவர் மறுபடி சோதித்து, சரியாக மூடிவிட்டீர்கள் என்று பதில் போட்டார். பட்டியலிலிருந்து எங்கள் பெயர் போக மேலும் ஒரு வாரம் ஆனது. அதுவரை ஜெர்மனிக்கு ஃபேக்ஸ்தான். ஒவ்வொரு பக்கத்தையும் நானே நின்று அனுப்பினேன், யாரும் சொல்லாமலே.

ஒன்றரை வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறினேன். அங்கே முதல் நாள் காலையில், புகார் முகவரிக்கு வரும் மெயில் யாருக்குப் போகிறது என்று பார்த்தேன். யாருக்கும் போகவில்லை. வருவதெல்லாம் படிக்கப்படாமலே அழிந்துகொண்டிருந்தது. அதை என் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு, வந்திருந்த முதல் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.