நரி முகத்தில் விழிக்க வந்தவர்

பசுவுக்கு என்று கேட்டால் கொடுப்பார்கள். நாய்க்குக்கூட யாராவது ஒருவர் கண் கலங்கிக் கொடுப்பார். நரிக்கு என்றதும் சிரித்துவிடுவார்கள். சின்னமனூரில் உரக்கடையில் கணக்கு எழுதுகிற நான், மிச்ச நேரத்தில் நரிகளுக்காக நன்கொடை கேட்டு அலைந்து தெரிந்துகொண்டது இதுதான். என் வீட்டுக்காரருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. "நரிக்கு நாட்டாம குடுத்தா கிடைக்கு ரெண்டு ஆடு கேக்குமாம். உங்க நரி கோழியோட நிக்குது, அந்த மட்டுக்கும் சந்தோசம்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அவர்தான் என் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவர் என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

நான் பணம் சேர்த்துக் கொடுக்கிற நரி அறக்கட்டளையைத் தொடங்கியவர் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், அவருடைய தென்னந்தோப்பின் ஒரு மூலையில் இருக்கிறது. பெயர்ப்பலகை பெரியது. உள்ளே இருப்பது இரண்டு கூண்டுகளும் ஒரு பழைய வேனும்தான். திராட்சைத் தோட்டங்களிலும் சோளக்காட்டிலும் பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில் நரி மாட்டிக்கொள்ளும். வனத்துறையிலிருந்து போன் வரும். போய் எடுத்து வந்து, காயத்தை ஆற்றி, அவர்கள் சொல்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

தீனிக்குக் கவலை இல்லை. உத்தமபாளையத்தில் கோழிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் தலையும் ஈரலும் ஒரு வாளி நிறைய எடுத்து வைத்துவிடுவார். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குக் கோபம் வரும். டீசல், மருந்து, காவல்காரர் சம்பளம் எல்லாம் என் தலையில்.

சின்னமனூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெட்டை நரியை எடுத்து வந்தபோது அதன் முன்னங்காலில் எலும்பு தெரிந்தது. காலை எடுக்கத்தான் வேண்டும் என்று நான் நினைத்தேன். மருத்துவர் விடவில்லை. தையல் போட்டு, சீழ் எடுத்து, மாதக்கணக்கில் போராடிக் காலைக் காப்பாற்றிவிட்டார். அதைவிடப் பெரிய பாடு, அதன் பயத்தைக் காப்பாற்றுவது. மனிதனைக் கண்டால் ஓடாத நரி வெளியே பிழைக்காது. அதனால் கூண்டைச் சுற்றிச் சாக்குத் திரை. பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. தோப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், ஒரு நீளக் குழாய் வழியே தீனியைத் தள்ள வேண்டும். காவல்காரர்தான் அதைச் செய்துவந்தார்.

பிறகு பணம் தீர்ந்தது. சம்பளம் தர முடியாமல் காவல்காரரை நிறுத்தினோம். அவரும் பாவம், திட்டாமல் போனார். வேன் தோப்பிலேயே நின்றுவிட்டது. நரியை விடுவதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று நான் ஊர் ஊராகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர் கடைக்கு என்னைத் தேடி வந்தார். தேனியில் புது மண்டி திறக்கிறாராம். திறக்கிற அன்று காலையில் நரி முகத்தில் விழிக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்தால் ஒரு வருடச் செலவு முழுவதையும் அவர் ஏற்றுக்கொள்வார். நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று நினைக்கிற ஆள் நான். யாருக்கும் காட்டக் கூடாது என்பது வனத்துறை எங்களுக்குத் தந்த அனுமதியின் முதல் நிபந்தனையும்கூட. ஆனாலும் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர், தூரத்தில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்.

விடிகிற நேரத்தில் கார் வந்தது. பட்டு வேட்டி கட்டிய அந்தப் பெரிய மனிதர் கண்ணை இறுக மூடியபடி இறங்கினார். படுக்கையை விட்டு எழுந்ததிலிருந்து அப்படியேதானாம். அவருடைய மனைவி கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். "அவுக இன்னும் கண்ணத் தொறக்கல. கல்லு கில்லு கெடந்தா சொல்லுங்க" என்றார் என்னிடம். தென்னை மட்டையில் தடுக்கி அவர் விழப்போனபோதும் கண்ணைத் திறக்கவில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரையை விலக்கினோம். அவர் கண்ணைத் திறந்தார். நரி சுவர்ப் பக்கம் திரும்பி, வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது. அது எங்களுக்கு முகம் காட்டாததில் எனக்குள் ஒரு சந்தோஷம். பணம் போனால் போகட்டும், பயம் அப்படியே இருக்கிறது என்று நினைத்தேன்.

மண்டிக்காரர் நகரவில்லை. கோபப்படவும் இல்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "மொகத்தப் பாக்காம நான் எங்கன போய்க் கடையத் தொறக்க" என்று அழுகிற குரலில் கேட்டார். நான் மருத்துவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, கோழி வாளியின் மூடியை மெதுவாகத் தட்டினார்.

நரி எழுந்தது. தழும்பேறிய காலை ஊன்றி நேராக எங்களிடம் வந்து, வலையில் மூக்கை வைத்து, அந்தப் பெரிய மனிதரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. அவர் கைகூப்பிவிட்டார். மனைவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் திரையை இழுத்து மூடினேன்.

கார் போன பிறகு மருத்துவர் தென்னை மரத்தடியில் உட்கார்ந்தார். காவல்காரர் நின்றபின், முழங்கால் வலியோடு தோப்பைச் சுற்றிப்போக அவரால் முடியவில்லை. கதவு வழியாகவே தீனி வைத்திருக்கிறார்.

"கொஞ்ச நாளாவே சத்தங்கேட்டா இப்படித்தாம்மா வருது. உங்கிட்டச் சொல்ல மனசு வரல" என்றார்.

என்ன சொல்லித் திட்டுவது? சம்பளத்தை நிறுத்தியது நான். முழங்காலுக்கு வலிக்காதே என்று உத்தரவு போடவும் முடியாது. வனத்துறை அதிகாரி வந்து பார்த்தார். வெளியே விட்டால் முதல் தோட்டத்திலேயே ஆளைத் தேடிப்போய் அடி வாங்கிச் சாகும் என்றார். மறு உத்தரவு வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உத்தரவு இன்னும் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மண்டி ஓகோ என்று ஓடுகிறதாம். மண்டிக்காரர் சொன்ன சொல் தவறாதவர், மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது. காவல்காரரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டோம். குழாய்க்கு இப்போது வேலை இல்லை. மருத்துவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால், ராவுத்தர் கடை வாளியை எடுத்துக்கொண்டு விடிந்ததும் முதலில் போகிறவள் நான்தான். மூடியைத் தட்ட வேண்டியதே இல்லை, என் வண்டிச் சத்தம் கேட்டாலே வலையோரம் வந்து நின்றுவிடுகிறது.

கடையில் எனக்குக் கொஞ்சம் போனஸ் கூடக் கிடைத்தால், "என்னக்கா, நரி மொகத்துல முழிச்சீகளா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். தினமும் அதில்தான் விழிக்கிறேன்.