மாத்தாத இஞ்சின்

என் தாய்மாமன் கபிரியேலைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய காரிலிருந்துதான் தொடங்க வேண்டும். காரைத் தள்ளி வைத்துவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்திருந்தால் அவரே இதை ஒத்துக்கொண்டிருப்பார்.

தோட்டத்து லொறி டிரைவரின் மகன் அவர். பதினாறு வயதில் அப்பாவின் லொறியிலேயே ஓட்டப் பழகினார். எழுபத்து நான்கில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் தன் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரை வந்த விலைக்கு விற்றார். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து மாமா அதை வாங்கினார். கல்யாணம் பிறகு நடக்கவே இல்லை. காருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாத்தளை ஸ்டாண்டில் அதை ஹயரிங், அதாவது வாடகைக்கு, ஓட்டிப் பிழைத்தார். எண்பதுகளில் பழைய கார் வைத்திருந்த எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஒரு புத்தி வந்தது. டீசல் விலை பெற்றோல் விலையில் பாதிகூட இல்லை என்பதால், காரிலிருந்த பெற்றோல் இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, கப்பலில் வந்திறங்கிய பழைய வேன்களின் டீசல் இஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். இதற்கு 'மாத்துறது' என்று பெயர். ஸ்டாண்டில் ஒருவர் இன்னொருவரிடம் மாத்தியாச்சா என்று கேட்டால், அது மதத்தைப் பற்றிய கேள்வி அல்ல.

முதலில் மாத்தியவர் மாமாவுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் இத்ரூஸ் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவருடையதும் அதே கேம்பிரிட்ஜ், அதே சாம்பல் நிறம். அது கார் இல்லை, நெல்லுக் குத்துகிற மெஷின் என்று மாமா அவர் முகத்துக்கு நேரே சொன்னார். நானா கோபப்படவில்லை. அவருக்கு ஹயர் மேல் ஹயர் வந்துகொண்டிருந்ததால் கோபப்பட நேரம் இருக்கவில்லை. சத்தமும் புகையும் இல்லாத கார் வேண்டும் என்ற கல்யாணக்காரர்கள் மாமாவிடம் வந்தார்கள், மற்ற எல்லாரும் நானாவிடம் போனார்கள். மாத்தளையில் தினமும் கல்யாணம் நடப்பதில்லை. தொண்ணூற்று ஏழாம் ஆண்டு வந்தபோது ஸ்டாண்டில் மாத்தாத கேம்பிரிட்ஜ் மாமாவுடையது ஒன்றுதான். ஸ்டாண்டில் மட்டுமல்ல, அந்தத் தெரு போய்ச் சேருகிற யாழ்ப்பாணம் வரைக்கும் ஒன்றுதான் என்பது அவருடைய கணக்கு.

அந்த வருஷம் என் தம்பி செபஸ்தியனுக்கு இருபத்து மூன்று வயது. சீகிரியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தமிழ்ப் பேச்சோடு ஓர் இளைஞன் அடையாள அட்டை இல்லாமல் தெருவில் இறங்க முடியாத காலம் அது. அதனால்தான் அம்மா அவனுடைய அட்டையை அவனிடம் கொடுக்கவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அட்டை தொலைந்தால் இன்னொன்று எடுக்க ஒரு வருஷம் அலைய வேண்டும், இவனோ ஒரு குடையைக்கூட ஒழுங்காக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவராதவன் என்று சொல்லி, உண்மையான அட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஃபோட்டோ கொப்பி ஒன்றை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள். நான் அப்போது ஆசிரியை வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். படித்த எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஹோட்டல் மனேஜர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு ஃபோன் எடுத்தார். முதல் நாள் மாலை தம்பியைச் சந்தியில் மறித்துச் சோதித்திருக்கிறார்கள். கொப்பியைக் காட்டியிருக்கிறான். ஒரு மனிதன் தன் அட்டையை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுக் கொப்பியோடு திரிவது ஏன் என்று அவர்களுக்கு நியாயமாகவே சந்தேகம் வந்திருக்கிறது. சீகிரியா பொலிஸில் வைத்திருந்தார்கள். பகல் இரண்டு மணிக்குள் உண்மையான அட்டையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆளைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே இரண்டு வீடுகளில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடினாள், நான் அவள் பின்னால் ஓடினேன். செய்தி கேட்டதும் இத்ரூஸ் நானா தன் காரின் பின்கதவைத் திறந்து, காசு வேண்டாம், ஏறுங்கள் என்றார். மாமா அந்தக் கதவைச் சாத்தினார்.

"என் தங்கச்சி மகனக் கூட்டிட்டு வர நெல்லு மெஷின்லயா போறது? நீ வா, சூச."

அம்மாவின் பெயர் சூசையம்மா. அண்ணன் சூச என்று கூப்பிட்டால் அவள் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டாள். அன்று சொல்லியிருக்கலாம்.

காரில் எண்ணெய் குறைவாக இருந்ததால் வழியில் ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தினோம். மாமா ஜன்னலால் கையை நீட்டி, சிங்களத்தில், டேங்க் நிறையத் 'தெல்' அடிக்கச் சொன்னார். சிங்களத்தில் பெற்றோலும் தெல், டீசலும் தெல், எங்கள் பேச்சில் எல்லாம் எண்ணெய் என்பதைப் போல. இந்தக் காரைக் கண்ணால் பார்த்த பிறகும் எந்த எண்ணெய் என்று கேட்பவனுக்குக் கண்ணே இல்லை என்பது மாமாவின் எண்ணம். செட்காரனும் அப்படியே நினைத்திருக்கிறான். அவன் வாழ்நாளில் கண்ட கேம்பிரிட்ஜ் எல்லாம் மாத்தியவை.

அவன் அடிக்கும்போது மாமா திரும்பிப் பார்க்கவில்லை. துரை சாவியைக் கொடுக்கும்போது இந்த இஞ்சினைப் பற்றி என்ன சொன்னார் என்பதை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பணம் கேட்டபோதுதான் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். டேங்க் நிறைய அடித்ததற்குக் கேட்ட தொகை வழக்கமானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவன் கணக்கில் பிழை விட்டுவிட்டான் என்று மாமா முடிவு செய்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு, அவன் யோசிக்கத் தொடங்குவதற்குள் காரை எடுத்துவிட்டார்.

"ஆண்டவர் நம்ம பக்கம் இருக்காரு, சூச," என்றார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆண்டவர் இரண்டு மைல் தூரத்துக்கு எங்கள் பக்கம் இருந்தார். பிறகு கார் இருமியது, பின்னால் வெள்ளைப் புகை கக்கியது, பல்லேபொலவுக்குத் திரும்புகிற சந்தியில் நின்றுவிட்டது. எதிரே ஆமி சோதனைச் சாவடி. மாமா இறங்கி டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். டீசல் என்று மெதுவாகச் சொன்னார், வீட்டில் சாவு விழுந்ததைச் சொல்வதைப் போல.

மணி ஒன்பதரை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய வயதைக்கூடப் பார்க்கவில்லை. காரை இங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸில் போய்விடலாம், தம்பியைவிட உங்கள் இஞ்சின் பெரிதா என்று கேட்டேன். அரை மணித்தியாலம் தா என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்டு நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை அதை நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன்.

வேலை தெரிந்தவர்தான், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தேநீர்க் கடையில் இரண்டு பெரிய கேன்களும் ஒரு ரப்பர் குழாயும் வாங்கி வந்தார். குழாயை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சி, ஒரு வாய் டீசலைத் துப்பிவிட்டு, கேன்களை நிரப்பினார். மிச்சத்தை டேங்கின் அடியில் இருந்த திருகாணியைக் கழற்றி மண்ணில் விட்டார். இஞ்சினுக்குப் போகிற குழாயைக் கழற்றி ஊதினார், கார்பரேட்டரைத் திறந்து துடைத்தார், நாலு பிளக்கையும் கழற்றித் தன் சட்டையிலேயே துடைத்தார். இனி நல்ல பெற்றோல் வேண்டும். கேனில் பெற்றோல் கொடுப்பதற்கு அப்போது தடை. சந்தியில் திரீவீலர் ஓட்டுகிற றஹீம் என்பவர் அதற்கு வழி சொன்னார். தன் திரீவீலரில் நிறைய அடித்துக்கொண்டு வருகிறேன், என் டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஆமிக்காரர்கள் வந்தார்கள், ஆறு பேர். வராமல் என்ன செய்வார்கள்? சாவடிக்கு எதிரே இரண்டு கேன் எண்ணெய், ஒரு ரப்பர் குழாய், எண்ணெயில் குளித்த ஒரு தமிழன், அவனுடைய தங்கச்சி, தங்கச்சியின் கையில் அங்கே இல்லாத ஓர் இளைஞனின் அடையாள அட்டை. ஒரு கோப்ரலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாமா நல்ல சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். கோப்ரல் நம்பவில்லை. அட்டையைப் பற்றிய கதையை அல்ல, அதற்கு அவர் இன்னும் வரவே இல்லை. கேம்பிரிட்ஜில் டீசல் அடித்துக் கெட்டுப்போய்விட்டது என்பதைத்தான் நம்பவில்லை. கேம்பிரிட்ஜ் என்றாலே டீசல்தானே, லக்கலையில் தன் சித்தப்பாவிடமும் ஒன்று இருக்கிறது என்றார். துப்பாக்கியைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு அதைக் கேட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. நாலு பிளக்கையும் உள்ளங்கையில் வைத்து கோப்ரலின் மூக்குக்கு நேரே நீட்டினார். டீசல் இஞ்சினில் இது இருக்குமா என்று கேட்டார். கோப்ரல் பிளக்கைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார், இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். மாத்தாத கேம்பிரிட்ஜைப் பார்க்கச் சாவடியே வந்துவிட்டது. மாமா விளக்கத் தொடங்கினார். துரை என்ன சொன்னார் என்பதையும் சொன்னார்.

இஞ்சின் விஷயத்தில் குற்றமில்லை என்று ஆனது. ஆனால் அந்த அட்டை யாருடையது? அம்மா அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை, என் பிள்ளை என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அழுதாள். வயர்லெஸ்ஸில் மேலிடத்துக்குக் கேட்டிருக்கிறோம், பதில் வரும்வரை நிற்க வேண்டும் என்றார்கள். சோதிக்கவென்று காரின் சீட்டுகளைக் கழற்றித் தெருவோரம் வைத்தார்கள். றஹீம் வந்து தூரத்தில் நின்றார். தம்புள்ளைப் பக்கமிருந்து வருகிற பஸ்களை நிறுத்தி ஆட்களை இறக்கி அட்டை பார்ப்பது சாவடியின் வழக்கம். பன்னிரண்டு மணியளவில் வந்த பஸ்ஸை நிறுத்த அங்கே ஆள் இல்லை, எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். கோப்ரல் திரும்பிப் பார்க்காமலே போ என்று கை காட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது, விட்டார்கள். டீசல் கேன்களைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி வைத்துக்கொண்டார்கள். றஹீமின் டேங்கிலிருந்து மாமா மறுபடி வாயால் உறிஞ்சினார். பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணியபோது இத்ரூஸ் நானாவின் கார் ஒரு வருஷத்தில் விடுகிற புகையை எங்கள் கார் ஒரு நிமிஷத்தில் விட்டது. அதன் பிறகு தெளிந்து ஓடியது. மாமா மிதித்த காலை எடுக்காமல் ஓட்டினார். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொலிஸுக்குள் ஓடினோம். மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. காலையிலேயே ஹோட்டல் மனேஜர் வந்து பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டாராம். பத்து மணிக்கே ஆளை விட்டுவிட்டோம், பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பான் என்றார்.

வாசலில் வந்து நின்று அம்மா சிரித்தாள், அழுதாள், மாமாவின் எண்ணெய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காரில் ஏறும்போதே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பத்து மணிக்கு விட்டவன் தம்புள்ளைக்கு வந்து மாத்தளை பஸ் எடுத்தால் பல்லேபொலச் சந்தியைப் பன்னிரண்டு மணிக்குக் கடந்திருப்பான். மாமாவும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். அந்தச் சந்தி வந்தபோது காரை மெதுவாக்கினார், பிறகு ஓட்டினார்.

வீட்டுக்கு வர ஐந்தரை. செபஸ்தியன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தான். முகம் கழுவியிருந்தான், ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அம்மா அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு உடனே சோறு போட்டாள். அவன் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானே கேட்டிருப்பேன், கோபமாகத்தான் கேட்டிருப்பேன். மாமா முந்திக்கொண்டார்.

"பஸ்ல எந்தப் பக்கம்டா இருந்த?"

"ஒங்க பக்கந்தான் மாமா."

அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டாள். மாமா அவன் பக்கத்தில் குந்தினார். இறங்காமல் போனதுதான் சரி, இறங்கியிருந்தால் உன்னையும் சேர்த்து நாலு பேராக நின்றிருப்போம் என்றார். எங்களைச் சுற்றி ஆமி நின்றதால்தான் உன் பஸ்ஸைச் சோதிக்காமல் விட்டார்கள், டீசல் அடித்ததும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்றுகூடச் சொன்னார். டீசலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. தம்பி இல்லை என்று தலையை ஆட்டினான்.

"எறங்கத்தான் எழும்பினேன் மாமா," என்றான். "ஐடி இல்ல. அம்மா கையில அது தெரிஞ்சது. எறங்கிப் போய் அத வாங்கணும்னாலும், மொதல்ல அதத்தானே காட்டணும்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். வேர்வையில் நனைந்திருந்தது. சோற்றுக் கையைக் கழுவாமலே அவன் அதை வாங்கினான்.