குறி போடாத நீலச் சட்டை

தெருவே அவரைத் துப்பு மாமா என்றுதான் கூப்பிட்டது. தொழில் சலவைக்கடை. சட்டைப் பையில் கைவிட்டால் போதும், அந்த வீட்டுக் கதை மொத்தமும் வெளியே வந்துவிடும். வாத்தியார் ஒளிந்து சிகரெட் பிடிப்பது, பல் டாக்டர் மிட்டாய் தின்பது, ஒன்றும் தப்பாது.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி ஒரு திங்கட்கிழமை காணாமல் போனாள். மறுநாள் காலையிலும் வரவில்லை.

போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். "என்ன கலர் துணி போட்டிருந்தாங்க?"

மாமா தலையைச் சொறிந்தார்.

"என் காக்கிச் சட்டைப் பையில சீட்டுக்கட்டு இருந்ததை ஊரெல்லாம் சொன்னீங்களே. வீட்டம்மா போட்டிருந்தது தெரியாதா?"

"அவ துணி கடைக்கு வராது சார். அவளே துவைச்சுக்குவா."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே உறைத்தது.

கல்யாணமான புதிதில் அவள்தான் துணிக்குத் தண்ணீர் தெளிப்பாள், இவர் தேய்ப்பார். ஊர்வம்பு ஆவியோடு ஆவியாகக் கிளம்பும். இவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அதே தண்ணீர் முகத்தில் விழும். பிறகு தானே தண்ணீர் விடும் ஸ்டீம் இஸ்திரிப் பெட்டி வாங்கினார். தெளிக்கிற வேலை போனது. அவளும் கடையை விட்டு மாடி வீட்டுக்குப் போனாள்.

கடைக்குத் திரும்பியவர் மேல்தட்டைப் பார்த்தார். கழுத்துப்பட்டியில் குறி எண் இல்லாத துணியெல்லாம் அங்கேதான் கிடக்கும். அவற்றின் பையை மட்டும் அவர் தொடுவதில்லை. யாருடையது என்று தெரியாத கதையில் என்ன ருசி?

ஒரு மாதமாக அங்கே பெண்கள் போடும் சட்டை ஒன்று கிடந்தது. நீலம். இப்போதுதான் உற்றுப் பார்த்தார். அவளுக்கு அவரே வாங்கிக் கொடுத்தது.

பையில் மூன்று பஸ் டிக்கெட். மூன்றும் துறைமுக ஊருக்கு. அங்கேதான் அவளுடைய அக்கா வீடு.

அக்கா கதவைத் திறந்தாள். "வாங்க துப்பு! ஒருவழியா வழி தெரிஞ்சுதா?"

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"கண்டுபிடிக்க எத்தனை நாளாச்சு?"

"ஒரே நாள்."

"சட்டையை உங்க கூடையில போட்டு ஒரு மாசமாச்சு."

மாமா தொண்டையைக் கனைத்தார். "ஸ்டீம் பெட்டி கெட்டுப்போச்சு. தண்ணி தெளிக்க ஆள் இல்லை."

"எப்பக் கெட்டுச்சு?"

"கிளம்புறப்ப. நான்தான் ஒயரை வெட்டினேன்."

அவள் பக்கத்திலிருந்த தம்ளரில் விரலை நனைத்து, அவர் முகத்தில் சொட்டென்று தெளித்தாள்.

"ஏய், இது பொய்யில்லடி!"

"தெரியும். கை மறந்துபோச்சான்னு பார்த்தேன்."