கழன்று வந்த வயர்

கடைகளில் நான் பேசமாட்டேன். காய் வாங்கினால்கூடக் கையால் காட்டித்தான் வாங்குவேன். அதனால் கரையான்சாவடியில் அந்த லேப்டாப் கடைக்கு மகளோடு போனபோது, பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

மகளுக்கு நாற்பதை நெருங்குகிற வயது. ஐடி கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். கம்பெனி கொடுத்திருந்த லேப்டாப்பையும் அவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவள் செய்வது படம் வரைகிற வேலை. ஆனால் பென்சிலும் பிரஷும் கிடையாது. வரி வரியாக என்னவோ வீட்டிலிருக்கும் பழைய மேசைக் கம்ப்யூட்டரில் எழுதுவாள். எழுதியதை ஓடவிட்டால் திரையில் புள்ளிகள் கிளம்பும். மழை விட்ட சாயங்காலத்தில் சேக்காட்டில் எங்கள் தெருவிளக்கை மொய்க்குமே ஈசல், அந்த மாதிரி. பக்கத்தில் மேளம் அடித்தால் ஈசல் பெருகும். மேளம் நின்றால் அப்படியே அந்தரத்தில் தொங்கும்.

இதை எங்கேயோ பார்த்த ஒரு கூத்துக் குழு அவளைக் கூப்பிட்டிருந்தது. ஊர் ஊராகப் போய்த் திறந்த மைதானத்தில் ஆடுகிறவர்கள். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில், அவர்களுடைய புரொஜெக்டர் வழியாக இந்த ஈசல் ஓடவேண்டும். மறுநாள் ஒத்திகை. சரியாக வந்தால் வருஷம் முழுக்க அவர்களோடு வேலை. வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. அவர்களுடைய ஜெனரேட்டர் கரண்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் எரிந்துபோயிருக்கிறது. அதனால் ஆட்டம் நடக்கிற அரைமணி நேரமும் லேப்டாப் அதன் பேட்டரியிலேயே ஓடவேண்டும்.

ஒரு மாதமாகப் போனில் பார்த்துப் பார்த்து நோட்டில் நம்பர்களாக எழுதி வைத்திருந்தாள். படம் வேகமாக ஓட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அது இருக்கிற மெஷின் எல்லாம் கனமாக இருக்கிறது. பஸ்ஸில் விழுந்து தோள் எலும்பு விலகியதிலிருந்து அவள் கனம் தூக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசி நாள்வரை இழுத்துவிட்டாள்.

கடையில் இருந்தவர் முப்பது வயதுக்காரர். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க மேடம். இன்னா, ஆயா கேம் ஆடப்போறாங்களா?"

"ஆமா, ஆடுனாங்கன்னா நிறுத்த மாட்டாங்க. நீங்க மெஷினக் காட்டுங்க," என்றாள் மகள்.

மேசைமேல் கறுப்புத் துணி விரித்து வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பல்பு வாங்கினாலும் கடைக்காரர் எரியவைத்துக் காட்டித்தானே கொடுக்கிறார். எரிகிறது என்றால் சரி, வாங்கலாம்.

மகள் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். அதில் அருவி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரின் ஒவ்வொரு துளியும் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், இதுதான் என்று.

"இத்த மிஞ்சி இந்த ஏரியால கிடையாது மேடம். ரெண்டு கிலோதான். சின்ன புள்ள கூடத் தூக்கும்."

"பக்கத்துல இருக்கறது?"

"அது ஒன்றரை. கார்டு ஒரு படி கம்மி. நீங்க கேக்கற வேலைக்கு இதான் செட் ஆவும்."

இரண்டு பேரும் நோட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி அலமாரிப் பக்கம் போனார்கள். அந்த நேரத்தில்தான் என் கை சும்மா இருக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் ஸ்க்ரூ பேக்கிங்கில் இருந்தவள் நான். லாரியில் ஏறுமுன் ஒவ்வொரு பெட்டியையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவோம். ஒரு பாக்கெட் குறைந்தாலும் கைக்குத் தெரியும். அவர் சொன்ன இரண்டு கிலோவையும் தூக்கிப் பார்க்கத் தோன்றியது.

இரண்டு கையாலும் தூக்கினேன். இரண்டேகால் இருக்கும். அப்போது துணிக்கு அடியிலிருந்து ஒரு வயர் இழுபட்டு, பக்கவாட்டில் இருந்த ஓட்டையிலிருந்து கழன்று விழுந்தது.

அருவி நின்றுவிட்டது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. கொஞ்சம் விழுந்து, தயங்கி, மறுபடி கொஞ்சம் விழுந்தது. விக்கல் எடுத்த மாதிரி.

கெடுத்துவிட்டேன். விலை உயர்ந்த சாமானைத் தொட்டு, வந்த இடத்தில் பாழாக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. மெல்லக் கீழே வைத்து, வயரை எடுத்து அந்த ஓட்டையிலேயே சொருகினேன். கொஞ்ச நேரத்தில் அருவி பழையபடி கொட்டியது. புடவைத் தலைப்பால் என் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

மகள் திரும்பி வந்து, "பெருசையே எடுத்துக்கறேன்," என்றாள்.

"சூப்பர் மேடம். புதுப் பெட்டி தரேன். சீல் ஒடச்சுட்டா ரிட்டன் கிடையாது, பாத்துக்கோங்க."

புதுப் பெட்டி என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கெடுத்தது கடையோடு இருந்துவிடும். அவளுக்கு வருவது வேறு. அந்த நிம்மதி பில் போடும் இடம்வரைதான் இருந்தது. அங்கே நிற்கும்போது ஒன்று உறுத்தியது. கெட்டுப்போனது என்றால், வயரைச் சொருகியதும் எப்படிச் சரியானது? வயர் இல்லாதபோது மட்டும் ஏன் விக்கியது? மைதானத்தில் வயர் கிடையாதே.

எனக்கு லேப்டாப் தெரியாது. தப்பாகச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் மகளுக்குத்தான் அவமானம். சொன்னால் தொட்டதும் தெரிந்துவிடும். அவள் பில் மெஷினில் பேங்க் கார்டைச் சொருகிவிட்டாள். கடைக்காரர் சீலை உடைக்கக் கத்தியை எடுத்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னம்மா?"

"நான் தூக்கிட்டேன்டீ."

"எத?"

"அந்தப் பெரிய மெஷின. வயர் கழண்டுடுச்சு. தண்ணி விக்கி விக்கி விழுந்துச்சு. நான் திரும்பச் சொருகிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். நம்பரை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது. பிறகு மேசைக்குப் போய், துணியைத் தூக்கி, வயரைப் பிடுங்கினாள். அருவி விக்கியது.

"அண்ணா, இது என்ன?"

"பேட்டரில அப்டித்தான் கீது மேடம், எல்லா கம்பெனியும். செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம்."

"மாத்துங்க."

அவர் மாற்றினார். அருவி ஓடியது. ஆனால் உள்ளே ஃபேன் மிக்ஸி மாதிரி கத்த ஆரம்பித்தது. மகள் பென் டிரைவை எடுத்து, தன் ஈசலைப் போடவேண்டும் என்றாள். டெமோ மெஷினில் அதெல்லாம் போடக்கூடாது என்றார் அவர். அவள் நகரவில்லை. "போட்டுப் பாக்காம வாங்க மாட்டேன்ணா," என்றாள். அவர் பில் மெஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சரி, வைரஸ் கிரஸ் இருந்தா நான் பொறுப்பில்ல," என்று விலகினார்.

இருபது நிமிஷம் மூன்று பேரும் நின்றபடியே பார்த்தோம். ஈசல் அழகாகத்தான் பறந்தது. மூலையில் பேட்டரியின் அளவு மடமடவென்று இறங்கிக்கொண்டே வந்தது. அரைமணிக்கு அது வராது என்று எனக்கே தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா," என்றாள் மெதுவாக. "ஒரு மாசமா கார்டையும் கனத்தையும்தான் பாத்தேன். இத மட்டும் பாக்கல."

பக்கத்தில் இருந்த ஒன்றரைக் கிலோவில் போட்டாள், வயர் இல்லாமல். முதலில் அதுவும் திணறியது. ஒரு வரியில் ஒரு எண்ணை மாற்றினாள். ஈசல் குறைந்தது. மறுபடி மாற்றினாள். மறுபடி குறைந்தது. பாதிக்கு வந்தபோது திணறல் நின்றது. அதற்கப்புறம் அரைமணி ஆனபோதும் பேட்டரி மிச்சம் இருந்தது.

"பாதியக் கொன்னுட்டேன்," என்றாள். அந்தப் பெரிய மெஷினை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

சின்னதைத்தான் வாங்கினோம். ஆவடி பஸ்ஸில் வரும்போது அவள் என்னோடு பேசவில்லை. என்மேல் கோபமா, தன்மேலா என்று நானும் கேட்கவில்லை.

மறுநாள் வானகரம் பக்கம் ஒரு மைதானத்தில் ஒத்திகை. லேப்டாப் அவள் தோளில், சார்ஜர் என் வயர் கூடையில். ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடியது. ஒருமுறை விளக்கெல்லாம் மங்கி எரிந்தது. நான் அவள் மடியில் இருந்த லேப்டாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் ஈசல் பறந்தது. மேளம் ஏற ஏறப் பெருகியது. நேற்று முழுசாகப் பார்த்த என் கண்ணுக்கு, துணியில் அங்கங்கே காலி இடம் நிறையத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

மேளம் சட்டென்று நின்றது. ஈசல் அந்தரத்தில் நின்றது, விக்காமல். குழுவின் வாத்தியார் துணியைப் பார்த்தபடி, "அடுத்த வாரம் திருத்தணியில இருந்து ஆரம்பிக்கறோம்மா, வந்துடு," என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "காலு வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். நேற்றுக் கடையைவிட்டு வந்தபிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இல்லை என்றேன். சார்ஜர் கூடையோடு என் மடியில் இருந்தது. கடைசிவரை அதை யாரும் கேட்கவில்லை.