பெரியம்மா சொல்லக் கூசிய நோய்

அந்த அலுமினியத் தட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில், கோவிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் பெரியப்பா வீட்டில், மாதவிலக்கான பெண்களுக்கென்று ஒதுக்கிய தட்டு. அந்த நாட்களில் பூவைத் தொடக்கூடாது. தொண்ணூறுகளின் கடைசியில் பெரியம்மா மாதத்துக்கு மூன்று முறை அந்தத் தட்டோடு பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு வந்திருந்ததோ மூலம். மலம் கழிக்கும்போது ரத்தம் போனது. அதைச் சொல்லக் கூசி, சேலையில் கறை பட்டபோதெல்லாம் ‘தூரம்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். இதை எழுத எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அங்கேயும் அதே பொய்தான். பரிசோதிக்கவும் விடவில்லை. மாத்திரைக்கு ரத்தம் நிற்காமல் போகவே, கர்ப்பப்பையை எடுத்துவிட நாள் குறித்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். அறுவை சிகிச்சைக்குக் கூப்பிட டாக்டரம்மா வந்தபோது பெரியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“கர்ப்பப்பையில ஒண்ணுமில்ல டாக்டரம்மா. எனக்கு மூலம். இத்தன நாளும் பொய் சொல்லிட்டேன்.”

வார்டே திரும்பிப் பார்த்தது. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

டாக்டரம்மா மதுரைக்கு அனுப்பினார். அங்கே ஸ்டேப்ளர் கருவி அப்போதுதான் வந்திருந்தது. இறங்கிய சதையை மேலே இழுத்து, உள்ளே வளையமாக வெட்டி, சின்னப் பின்களால் தைத்துவிடுமாம். வலி குறைவு, ஆனால் ரத்தக்கசிவு வரலாம், பாதை சுருங்கலாம், அடக்க முடியாமல் மலம் வரலாம், மூலமே திரும்பவும் வரலாம் என்றார் சர்ஜன்.

“பொம்பள முன்னால இதெல்லாம் எதுக்கு சார்? நான் கையெழுத்துப் போடுதேன்,” என்றார் பெரியப்பா.

“கூச்சமா இருந்தா செத்த வெளிய நில்லுங்க. எனக்குத்தான அறுக்காவ, நான் கேட்டுக்கிடுதேன்,” என்றாள் பெரியம்மா. எம்புட்டு ரத்தம் போனால் திரும்பி வரவேண்டும் என்பது வரைக்கும் கேட்டுவிட்டு, அவளே கையெழுத்துப் போட்டாள்.

வீடு திரும்பிய நான்காம் நாள் காலை ரத்தம் கொட்டியது. பார்க்க வந்திருந்த சொந்தக்காரி, “தூரமா இருக்கும், படுத்தா சரியாயிரும்” என்றாள்.

“தூரமில்லட்டி, ஆபரேஷன் பண்ண எடம். இம்புட்டு போனா உடனே வரச் சொல்லியிருக்காவ. காரக் கூப்பிடுங்க.”

காரில் டிரைவர் என்னவென்று கேட்டார். பெரியப்பா “வயித்துல...” என்று ஆரம்பித்து, பெரியம்மாவைப் பார்த்து நிறுத்தினார்.

“மூலம்ப்பா. அறுத்த எடத்துல ரத்தம் போவுது. வெரசா ஓட்டு.”

மதுரையில் ஒரு தையல் போட்டதும் ரத்தம் நின்றது. பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கர்ப்பப்பை அவளிடமே இருக்கிறது.