சித்தி போட்ட பலகை

எங்கள் தெருவில் என் சித்திக்கு ‘மனுக்காரி’ என்று பெயர். தொழில் பள்ளிச் சீருடை தைப்பது. மிச்ச நேரமெல்லாம் தெருவுக்குத்தான். தண்ணீர் வராவிட்டாலும், விளக்கு எரியாவிட்டாலும் எல்லோரும் தட்டுவது அவள் கதவைத்தான். பத்து வருடமாக நகராட்சிக்கு மனு எழுதுகிறாள். ‘பணிவுடன்’ என்ற சொல் இல்லாமல் அவளுக்கு மனு தொடங்காது.

பள்ளி வாசலில் சாக்கடைக் குழியின் மூடி உடைந்தபோது ஏழு மனு கொடுத்தாள். பதில் இல்லை. பிள்ளைகள் விழுந்துவிடுவார்களே என்று, தான் துணி வெட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியின்மேல் போட்டாள். கண்ணில் படட்டும் என்று சிவப்புத் துண்டுத்துணி ஒன்றை அதில் ஆணியடித்தாள். அன்றிலிருந்து தரையில் உட்கார்ந்துதான் துணி வெட்டினாள்.

மழையில் பலகை ஊறிப்போனது. இஸ்திரிக்காரர் அதன்மேல் கால் வைத்தார். பலகையோடு அவர் முழங்காலும் உடைந்தது.

எட்டாவது மனுவோடு நகராட்சிக்குப் போனோம். எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு, “இது முடிஞ்ச கேசுக்கா. மூடி போட்டு மூணு மாசம் ஆச்சு” என்றார்.

“யாரு போட்டா?”

அவர் திரையைத் திருப்பினார். வேலை முடிந்ததற்குச் சான்றாக ஒரு புகைப்படம். அதில் இருந்தது சித்தியின் பலகை. சிவப்புத் துணி, நான்கு ஆணி, அவள் சாக்பீஸால் போட்ட அளவுக்கோடுகள்கூடத் தெரிந்தன. கீழே வார்டு உறுப்பினரின் கையெழுத்து.

சித்தி எட்டாவது மனுவை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். “என் பலகைய வச்சே என் வாய அடைச்சிருக்காங்க. வர்ற வார்டு தேர்தல்ல நிக்கிற ஃபாரம் எங்க குடுப்பாங்க?”

எழுத்தர் சிரித்தார். “கோவத்துல பேசாதீங்கக்கா.”

“கோவத்துலதான் கேக்குறேன். எந்த ரூமுன்னு சொல்லுங்க.”

முன்மொழியப் பத்துக் கையெழுத்து வேண்டும். அவள் எழுதிய மனுவால் தண்ணீர் இணைப்பு வாங்கிய பால்காரர், “நமக்கெதுக்கும்மா பொல்லாப்பு” என்று கதவைச் சாத்தினார். அந்தக் கதவை உதைக்க வேண்டும்போல எனக்கு இருந்தது. இஸ்திரிக்காரர் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி முதல் கையெழுத்தைப் போட்டார். “என் காலையும் முடிஞ்ச கேசுன்னு எழுதிருப்பானுங்க” என்றார். மீதி ஒன்பதுக்கு நான்கு நாள் அலைந்தோம்.

வேட்புமனு ஏற்கப்பட்ட மறுநாள் காலை பள்ளி வாசலில் புது இரும்பு மூடி இருந்தது. பின்னாலேயே வார்டு உறுப்பினர் வீட்டுக்கு வந்தார்.

“கேட்டதச் செஞ்சாச்சே தங்கச்சி. வாபஸ் வாங்கிக்கம்மா. நாளை வரைக்கும் டைம் இருக்கு.”

சித்தி மிஷினிலிருந்து எழவில்லை. “ஏழு தடவ பணிவா கேட்டேன். அப்பல்லாம் இந்த மூடி எங்கண்ணே இருந்துச்சு?”

“நகராட்சி கோடவுன்லதான்” என்றார் அவர், யோசிக்காமல்.

மிஷின் நின்றது.

“அப்ப வாபஸ் கிடையாது. அந்தக் கோடவுன் சாவி எனக்கு வேணும்.”

அவர் போனதும் சித்தி மிஷினிலிருந்து எழுந்தாள். தரையில் துணியை விரித்துக் கத்தரிக்கோலைத் தேடினாள்.